அரிசிக்குக் கொடுத்த காசுக்கு ரசீது இல்லை

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் கொளத்தூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கினோம். "உன் சம்பளத்துல வீட்டைப் பார்த்துக்கோ, என் சம்பளத்துல லோனைக் கட்டிடறேன்" என்றார் அவர். யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. அவர் சம்பளம் பெரியது, வங்கித் தவணையும் பெரியது. என்னுடையது தனியார் பள்ளி டீச்சர் சம்பளம். மளிகைக்கும் பாலுக்கும் அது சரியாக இருக்கும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். பத்திரம் அவர் பெயரில், கடனும் அவர் பெயரில். "ரெண்டு பேர் பேரையும் சேர்த்தா பேப்பர் வேலை ஜாஸ்தி, லேட் ஆகும்" என்று லோன் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் சொன்னார். கணவன் மனைவிக்குள் உன்னது, என்னது என்று அன்றைக்கு யாராவது பிரித்துப் பேசியிருந்தால், குடும்பத்தைக் கெடுக்க வந்தவர் என்று அவரைத்தான் திட்டியிருப்போம்.

இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவர் கட்டியது வீடாக நிற்கிறது. நான் கட்டியதை எல்லாரும் சாப்பிட்டு முடித்தாயிற்று. என் ஆதங்கம் மொத்தமும் இதற்குள்தான் இருக்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எழுதிக் காட்டினால்தான் தெரியும். மாதம் பிறந்தால் அண்ணாச்சி கடையில் மளிகைச் சாமான், 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை. கேஸ் சிலிண்டர், அதை மாடியேற்றிக் கொண்டுவந்து போடுகிறவருக்கு மேலே கொடுக்கிற காசு. ஆவின் அட்டைக்குப் பணம். தண்ணீர் கேன். வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம், தீபாவளிக்குப் புடவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில். அசோசியேஷனுக்கு மாதச் சந்தா, கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்குத் தனி வசூல். மகளுக்குப் பள்ளிக் கட்டணம், வேன், நோட்டு, சீருடை, டியூஷன், கால் வளர வளர ஷூ. மாமனார் இருந்தவரை அவருக்குச் சர்க்கரை மாத்திரை, இன்சுலின், படுக்கையில் விழுந்த பிறகு பெரியவர்களுக்கான டயப்பர். நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தபோது பத்தியச் சமையல். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று போகிற இடமெல்லாம் மொய்க் கவரின் மேலே எழுதுவது அவர் பெயர், உள்ளே வைப்பது என் காசு.

இதில் எதை இப்போது கையில் எடுத்துக் காட்ட முடியும்?

ஜீவனாம்சம் கேட்கும் வழக்கில் இரு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது, கணக்கை மறைப்பது எல்லாம் அதனால் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் இன்றைய நிலையைக் கேட்கிறது. இன்று உன் பெயரில் என்ன சொத்து, இன்று மாதச் செலவு எவ்வளவு, இன்று கடன் என்ன? இத்தனை வருஷம் குடும்பத்துக்கு நீ என்ன செலவழித்தாய் என்று எழுத அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. சொத்து என்ற இடத்தில் தாலிச் செயின், நாலு வளையல், அப்பா போட்ட ஒரு டெபாசிட் என்று எழுதினேன். பக்கம் அதோடு நின்றுவிட்டது.

அவருடைய பிரமாணப் பத்திரம் வந்தது. கூடவே வங்கிக் கடன் கணக்கு, கட்டாக. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவணை, அசலில் இவ்வளவு, வட்டியில் இவ்வளவு. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அதை நான் மறுக்கவே இல்லை, ஒழுங்காகத்தான் கட்டினார். எப்படி முடிந்தது என்பதை மட்டும் அந்தக் கணக்கு சொல்லாது. ஐந்தாம் தேதி அவர் கணக்கில் பணம் அப்படியே இருந்ததென்றால், ஒன்றாம் தேதி அரிசிக்கு அவர் கணக்கைத் தொடவேண்டிய தேவை இந்த வீட்டில் வரவில்லை என்று அர்த்தம். அந்தத் தவணையைக் கட்டியது இரண்டு சம்பளமும் சேர்ந்துதான். வங்கிக்குத் தெரிந்தது ஒரு சம்பளம் மட்டும்.

"உங்க பக்கம் பேப்பரா என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் வக்கீல் மேடம். அலமாரியில் கிடந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஜூனியர் பெண் ஒவ்வொன்றாக மேஜைமேல் பிரித்து வைத்தாள். கரன்ட் பில் ரசீது, இணைப்பு அவர் பெயரில். கேஸ் புத்தகம் அவர் பெயரில். அசோசியேஷன் ரசீதில் ஃபிளாட் உரிமையாளர் பெயர், அதுவும் அவர்தான். பள்ளிக் கட்டண ரசீதில் மகள் பெயருக்குக் கீழே தகப்பனார் பெயர் என்று ஒரு வரி; பணம் கட்டியவர் யார் என்று எந்த வரியும் இல்லை. க்யூவில் நின்று கட்டியவள் நான். அந்த ரசீதுகளை வருஷா வருஷம் அவர் வாங்கிக்கொண்டுபோய் வருமான வரியில் 80-சி பிரிவில் காட்டிச் சலுகை பெற்றார். வீட்டுக் கடனின் அசலுக்கும் அதே 80-சி, வட்டிக்கு 24-பி பிரிவில் 2 லட்சம் வரை கழிவும் கிடைத்தது. தவணை கட்டுகிறவருக்கு அரசாங்கமே முதுகில் தட்டிக் கொடுக்கிறது. அரிசி வாங்குகிறவளுக்கு எந்தப் பிரிவும் கிடையாது. ரசீதே இல்லாத செலவு ஒரு பக்கம் என்றால், ரசீது இருக்கிற செலவிலும் பெயர் என்னுடையதாக இல்லை. ஜூனியர் பெண் நிமிர்ந்து பார்த்து, "மேடம், எல்லாமே எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சியாகும்போல இருக்கு" என்றாள்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். "பழைய நோட்டெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சே டீச்சர். சாட்சி சொல்லணும்னா வாரேன்" என்றார். பெரிய மனசு. ஜிபே வந்த பிறகு அனுப்பிய பணம் ஃபோனில் இருக்கிறது. அதற்கு முன்னால் கையில் கொடுத்ததெல்லாம் கொடுத்ததுதான். சரி, அண்ணாச்சியே கூண்டில் ஏறிச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்க அரிசி வாங்கினது நிரூபணமாகும். அதனால வீட்டுல எப்படிப் பங்கு வரும்னு அடுத்த கேள்வி வருமே?" என்கிறார் வக்கீல் மேடம். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் சட்டத்துக்குத் தெரிகிறது. பதில் அதனிடம் இல்லை.

இப்போதும் இரண்டு பேரும் இதே ஃபிளாட்டில்தான் இருக்கிறோம். அவர் முன்னறையில், நானும் மகளும் உள்ளறையில். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பிரிந்து வாழ்வதற்கு அனுமதி இருக்கிறது. பிரிந்து வாழும் வீட்டின் கரன்ட் பில்லை யார் கட்டுவது என்று எந்தத் தீர்ப்பிலும் நான் பார்க்கவில்லை.

பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், முன்னறையில் ஏசி பகலெல்லாம் ஓடுகிறது. நம் ஊர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். நானும் மகளும் ஃபேனோடு நிறுத்திக்கொண்டாலும் தாண்டிவிடுகிறது. பில்லைக் கொண்டுபோய் நீட்டினால், "நான் தவணை கட்டறேன்ல, அதுதான் என் பங்கு. குடியிருக்கறவங்க கரன்ட்டுக்குக் கட்டுங்க" என்கிறார். அவரும்தான் குடியிருக்கிறார். கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருட்டில் உட்காரும். அதனால் கட்டுகிறேன். ஃப்ரிட்ஜில் மேல்தட்டு அவருடையது, கீழே எங்களுடையது. சிலிண்டர் என் காசு, அதில் அவர் காபி போட்டுக்கொள்கிறார். காபிக்குக் கணக்குப் பார்க்கிற ஆளாக என்னை ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது.

குடும்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். "அவன் வீடும்மா அது. உனக்குத்தான் வேலை இருக்கே, ரெண்டு பேருக்கு ஒரு சின்ன வாடகை வீடு போதாதா?" என்று கேட்டவர் என் சொந்தப் பெரியப்பா. கல்யாணத்தில் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனவர். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" உண்மையைச் சொன்னால், சொந்தக்காரர் வருகிறார், யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அட்வான்ஸ் கேட்கிற தொகை என் கையில் சேர்ந்ததே இல்லை. சேரவேண்டிய காசெல்லாம் எங்கே போனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வெளியே போகத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது, அதையும் நன்றியோடு சொல்லவேண்டும். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடுகளை அதிலிருந்து விலக்கியது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, அப்படிப்பட்ட வீட்டிலும் உரிமை கேட்கலாம் என்றது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதிக்கு வேறு வழியில்லை என்றால் கணவரையே வெளியே போகச் சொல்லலாம், அவருக்குத் தங்க வேறு இடம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்று உத்தரவிட்டார்.

ஆனால் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட வன்முறை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும் பொருளாதார வன்முறைதான் என்று அதே சட்டம் சொல்கிறது. எழுதலாம். எழுதினால், "கை நீட்டாத மனுஷன்மேல இப்படியா எழுதுவாங்க?" என்று ஊர் என் அம்மாவைத்தான் கேட்கும். அதையும் தாண்டி எழுதி உத்தரவு வாங்கினாலும், கிடைப்பது தங்கும் உரிமை. வீட்டில் பங்கு கிடையாது. விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தங்கும் உரிமை எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் வழக்குக்கு வழக்கு மாறும்.

எங்கள் பள்ளியில் இன்னொரு டீச்சரின் கதை இதைவிடக் கொடுமை. லோன் தொகை கூடுதலாகக் கிடைக்கும் என்று அவர் சம்பளத்தையும் காட்டி, கடனில் அவரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். பத்திரத்தில் பெயர் சேர்க்கவில்லை. கடனில் கையெழுத்துப் போட்டவள் வீட்டிலும் உரிமையாளர் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வங்கிக்கு இரண்டும் வேறு வேறு. கணவர் பிரிந்து போனார், தவணையை நிறுத்தினார். தொடர்ந்து 90 நாள் தவணை நின்றால் அது வாராக்கடன். பிறகு சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். நோட்டீஸ் டீச்சர் பெயருக்கும் வந்தது, சிபில் ஸ்கோர் அவருக்கும் விழுந்தது. குடும்பக் கோர்ட்டில் யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுக்கடனையும் கேட்கும். வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத பெண் அந்த வீட்டின் கடனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகளுக்காவது செலவுக்குத் தரட்டும் என்று இடைக்கால ஜீவனாம்ச மனு போட்டிருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியமட்டும் முடிக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் நாலு முதல் ஆறு மாதம் என்று சொன்னது. நடப்பது வாய்தா. ஒருநாள் அவர் வக்கீல் வரவில்லை, ஒருநாள் நீதிபதி விடுப்பு, ஒருநாள் பிரமாணப் பத்திரத்தில் திருத்தம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பள்ளியில் அரை நாள் சம்பளம் போகிறது.

அவர் பதில் மனுவில் இரண்டே வரி. மனுதாரர் வேலைக்குப் போகிறார். எதிர்மனுதாரருக்கு வீட்டுக் கடன் தவணை போக மிச்சம் இல்லை. தனக்குச் சொத்துச் சேர்த்துக்கொள்ளக் கட்டும் தவணையைக் காட்டி ஜீவனாம்சத்தைக் குறைக்க முடியாது என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. பிள்ளையின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தகப்பன்தான் ஏற்கவேண்டும், மனைவி போதிய அளவு சம்பாதித்தால் இருவரும் அதற்கேற்றபடி பகிரலாம் என்று அந்த 2020 தீர்ப்பே சொல்கிறது. சொல்லியும், என் வழக்கில் அந்தத் தவணை முதல் வரியில் கம்பீரமாக நிற்கிறது. வீடு அவருக்குச் சேரும்போது தவணை அவருடைய உழைப்பு. பிள்ளைக்குப் பணம் கேட்கும்போது அதே தவணை குடும்பப் பாரம். இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்லமுடியும்.

கோர்ட் வராந்தாவில் ஆண்களையும் பார்க்கிறேன். குடியிருக்காத வீட்டுக்குத் தவணை, குடியிருக்கும் அறைக்கு வாடகை, பிள்ளைக்கு ஜீவனாம்சம் என்று மூன்று பக்கம் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீட்டையும் கடனையும், இரண்டு பேர் செலவழித்ததையும் ஒரே கணக்கில் வைத்துப் பிரிக்கச் சட்டம் இருந்தால் அவர்களுக்கும் வழி பிறக்கும். பாதிப் பாதி என்று விற்றுக் கடனை அடைத்துவிட்டு அவரவர் வழியில் போகலாம். வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. கொடுத்ததற்குக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு கணக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவில் 1867-ஆம் ஆண்டு போர்ச்சுகீசியச் சிவில் சட்டம் இன்னும் நடைமுறையில் உண்டு. கல்யாணத்துக்கு முன் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், சொத்து கணவன் மனைவி இருவருக்கும் சமம். கொளத்தூரில் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு அது கிடையாது. நாடு முழுவதற்கும் கொண்டுவரப் பார்த்தார்கள். விவாகரத்தின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2010-இல் அறிமுகமானது, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது, 2014-இல் மக்களவையின் காலம் முடிந்ததோடு காலாவதியானது. அதன்பிறகு எத்தனை தேர்தல், எத்தனை அறிக்கை, மகளிருக்கு எத்தனை வாக்குறுதி! இது இன்னும் சட்டமாகவில்லை.

சட்டம் செய்யாததை ஒரு நீதிபதி செய்தார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், சவுதியில் சம்பாதித்து அனுப்பிய கணவருக்கும் ஊரில் இருந்து குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவிக்கும் அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் சம உரிமை உண்டு என்றார். மனைவியின் வீட்டு வேலையை அங்கீகரிக்கத் தனிச்சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பது அவர் வாதம். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பளமே வாங்காத ஒரு மனைவியின் உழைப்புக்குப் பாதி என்றால், உழைப்போடு சம்பளத்தையும் சேர்த்துக் கொட்டியவளுக்கு என்ன? ஆனால் அந்த வழக்கு முடிவதற்குள் கணவர் இறந்தே போயிருந்தார், வாரிசுகள்தான் நடத்தினார்கள். எனக்கு அவ்வளவு ஆயுசும் இல்லை, சிவில் கோர்ட்டுக்குக் கட்டப் பணமும் இல்லை.

அதனால் சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் அனுப்பிவைத்தவர்களிடம் கேட்கிறேன், அந்த மசோதாவைத் தூசி தட்டி எடுங்கள். குடும்ப நீதிமன்றப் படிவத்தில், திருமண காலத்தில் குடும்பத்துக்குச் செலவிட்டது என்று ஒரு பகுதியைச் சேருங்கள். ரசீது இல்லாவிட்டாலும், ஒருத்தி சம்பாதித்தாள், அவள் கையில் எதுவும் மிஞ்சவில்லை, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள் என்ற மூன்றையும் வைத்து ஒரு நீதிபதியால் கணக்குப் போட முடியும்.

லோன் பேப்பரில் கையெழுத்துப் போடப்போகிற தம்பதிகளுக்கும், கூட உட்கார்ந்து பேசும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேப்பர் வேலை ஜாஸ்தி என்று ஏஜென்ட் சொன்னால் இரண்டு நாள் தாமதமாகட்டும், பத்திரத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். பெண்ணின் பெயர் சேர்ந்தால் வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகளும் இருக்கின்றன. உன் சம்பளம் வீட்டுக்கு, என் சம்பளம் லோனுக்கு என்ற பேச்சே வேண்டாம். இரண்டு சம்பளமும் ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட்டில் விழட்டும், அதிலிருந்தே தவணை போகட்டும், அதிலிருந்தே அரிசியும் வாங்குங்கள். சந்தோஷமாக வாழப்போகிற நேரத்தில் இது என்ன அபசகுனப் பேச்சு என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். சட்டம் மாறும்வரை, ஒரு பெண் தன் சம்பளத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்டாள் என்பதற்கு அந்த பாஸ்புக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது.